ஒரே திரையில் விளையாட்டும் வடிவமைப்பும்: எந்த மானிட்டர் வாங்குவது?

2025 ஜூன் 8

வாசகர் கேள்வி: "தம்பி விஷுவல் கம்யூனிகேஷன் முதலாண்டு சேர்கிறான். பகலில் போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இரவில் வாலரண்ட் விளையாட்டு. 30,000 ரூபாய்க்குள் ஒரே மானிட்டர்தான் வாங்க முடியும். கடையில் 32 அங்குல வளைவுத் திரை ஒன்றைக் காட்டி, 165 ஹெர்ட்ஸ், 1 மில்லி விநாடி, எச்.டி.ஆர்., 125 சதவீத நிறம் என்று அடுக்குகிறார்கள். கல்லூரி சீனியர்களோ, கேமிங் மானிட்டரில் டிசைன் வேலை பார்த்தால் நிறம் தப்பாகிவிடும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?"

இருவர் சொல்வதையும் கேட்காதீர்கள்.

சீனியர்கள் சொல்வது டி.என். பேனல் காலத்து நியாயம். (பேனல் என்றால் மானிட்டரின் திரைத் தகடு; டி.என்., ஐ.பி.எஸ்., வி.ஏ. என்பவை அதன் வகைகள்.) அப்போது வேகம் வேண்டுமென்றால் டி.என்., நிறம் வேண்டுமென்றால் ஐ.பி.எஸ். டி.என். திரையின்முன் தலையைச் சற்றுத் தாழ்த்தினால் முகத்தின் நிறம் கறுக்கும், நிமிர்ந்தால் வெளுக்கும். அதில் உட்கார்ந்து நிறம் திருத்துவது வீண் வேலை. ஐ.பி.எஸ்.ஸில் அந்தத் தொல்லை கிடையாது, ஆனால் அன்று அது மந்தமாக இருந்தது. இன்று இருபதாயிரம் ரூபாயைச் சுற்றிக் கிடைக்கும் ஐ.பி.எஸ். மானிட்டர்களே 144, 165, 180 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு அத்தனை முறை படத்தைப் புதுப்பித்து, ஓடுகின்றன. பெட்டியின்மேல் 'கேமிங்' என்று அச்சடித்திருப்பதால் உள்ளே நிறம் கெட்டுப்போவதில்லை.

கடைக்காரர் காட்டியது அந்த விலைக்கு அநேகமாக வி.ஏ. பேனலாக இருக்கும். தம்பிக்கு அது வேண்டாம். காரணத்தைப் பிறகு எழுதுகிறேன். இப்போதைக்கு என் பதில்: 27 அங்குலம், 2560×1440 புள்ளிகள், தட்டையான ஐ.பி.எஸ்., 144 ஹெர்ட்ஸுக்குக் குறையாமல், உயரத்தை மாற்றக்கூடிய ஸ்டாண்ட்.

நான் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் பிரீபிரஸ் (அச்சுக்கு முந்தைய கோப்பு வேலை) பார்க்கிறவன். எனக்கு நிறம் என்பது தாளில் விழுவது. அந்தச் சார்பு என் பேச்சில் இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 8, இரவு

கிராஃபிக்ஸ் கார்டு எது என்று நீங்கள் சொல்லவே இல்லை. மானிட்டர் வாங்குகிற எல்லோரும் இதை மறந்துவிட்டு வருகிறார்கள். 1080 (1920×1080) திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 1440இல் 36.9 லட்சம், 4கே (3840×2160) என்றால் 82.9 லட்சம். ஒவ்வொரு பிரேமுக்கும் (விநாடிக்குப் பலமுறை மாறும் ஒவ்வொரு படத்துக்கும்) அத்தனை புள்ளிகளையும் கார்டுதான் வரைய வேண்டும். வாலரண்ட் இலகுவான விளையாட்டு, நடுத்தரக் கார்டிலேயே 1440இல் சீறும். மற்றவை அப்படியல்ல.

இன்னொன்று. 32 அங்குலத்தில் 1440 என்றால் ஓர் அங்குலத்துக்கு 92 புள்ளிதான் வரும். 24 அங்குல 1080 திரையிலும் அதே 92. ஆக, பெரிய திரைக்குக் காசு கொடுத்தாலும் கூர்மை அப்படியே இருக்கும். 27 அங்குலத்தில் 1440 என்றால் 109. 27 அங்குலத்தில் 1080 என்று விற்கிறார்களே, அது 82. எழுத்தின் ஓரமெல்லாம் படிக்கட்டாகத் தெரியும். தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஜூன் 10

அந்த 125 சதவீதம் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள்.

எதில் 125 என்பதுதான் கேள்வி. இணையத்துக்கும் பெரும்பாலான விளையாட்டுகளுக்கும் அடிப்படை எஸ்.ஆர்.ஜி.பி. என்ற நிற எல்லை; 1996இல் எச்.பி.யும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து முன்வைத்தது. 125 என்றால் திரை காட்டும் மொத்த நிறப்பரப்பு அந்த எல்லையின் பரப்பைப்போல ஒன்றேகால் மடங்கு என்று அர்த்தம். உள்ளே இருக்க வேண்டியது முழுவதும் இருக்கிறதா என்று அந்த எண் சொல்லாது. சிவப்பில் மிஞ்சி நீலத்தில் குறைந்தாலும் கூட்டுத்தொகை 125 வரலாம். 'எத்தனை சதவீதத்தை உள்ளடக்குகிறது' என்று பார்க்க வேண்டும். 99 அல்லது அதற்குமேல் இருந்தால் போதும்.

சில பெட்டிகளில் '72 சதவீதம் என்.டி.எஸ்.சி.' என்று இருக்கும். பயப்பட வேண்டாம், அது ஏறத்தாழ முழு எஸ்.ஆர்.ஜி.பி.க்குச் சமம். 45 சதவீதம் என்றிருந்தால் அந்தத் திரையில் குங்குமம் செங்கல்லாகத் தெரியும். மலிவான லேப்டாப்களில் இதுதான் வருகிறது. 1953ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சித் தரத்தை வைத்து இன்னும் ஏன் அளக்கிறார்கள் என்றால், சொல்கிற எண் யாருக்கும் புரியாமலிருப்பது விற்பவருக்கு வசதி.

ஜூன் 11

புதிதாக 165 ஹெர்ட்ஸ் வாங்கியவர்களுக்கு ஒரு வரி: விண்டோஸ் அமைப்பில் போய் எண்ணை மாற்றினீர்களா? எனக்குத் தெரிந்த ஒருவர் ஓராண்டாக அதை 60இல் ஓட்டிக்கொண்டு, 'பழையதைவிட எவ்வளவு வழுக்குகிறது பாருங்கள்' என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை. மனம் வரவில்லை.

ஜூன் 15

இன்று ஞாயிறு, நேரம் இருக்கிறது. பேனல், ஹெர்ட்ஸ், சதவீதம் எல்லாவற்றையும்விட டிசைனைக் கெடுப்பது வெளிச்சம். அதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை.

புது மானிட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினால் 300 நிட்ஸுக்கு (நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தின் அளவு) பக்கத்தில் எரியும். அச்சுக்கு வேலை செய்கிறவர்கள் 120ஐச் சுற்றி வைத்துக்கொள்கிறார்கள். அறை மங்கலாக இருந்தால் இன்னும் குறைவு. 300இல் எரியும் திரையில் ஒரு படத்தைத் திருத்துகிறவர், நிழல் பகுதி போதுமான அளவு தெரிகிறது என்று நம்பி விட்டுவிடுவார். தாளுக்குச் சொந்த ஒளி கிடையாது. டியூப் லைட் வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தருவதுதான் அதற்குத் தெரியும். அச்சாகி வந்ததும், "கறுப்பாக அடித்துவிட்டீர்கள், மை அதிகம்" என்று மெஷின்மேனிடம் சண்டை. வாரத்துக்கு ஒரு முறையாவது இந்தச் சண்டையைக் கேட்கிறேன். மையில் குற்றமே இராது.

கருவி இல்லாமல் செய்யக்கூடியது: வேலை செய்கிற அறையில், வேலை செய்கிற விளக்கைப் போடுங்கள். ஒரு வெள்ளை ஆர்ட் பேப்பரைத் திரைக்குப் பக்கத்தில், அதே சாய்வில் பிடியுங்கள். திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்துவைத்து, இரண்டு வெள்ளையும் ஒரே அளவு வெளிச்சமாகத் தோன்றும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். பல மானிட்டர்களில் அது 20, 30 என்று எங்கேயோ போய் நிற்கும். முதல் நாள் எல்லாம் மங்கலாகத் தோன்றும். பழகிவிடும்.

தாள் திரையைவிட மஞ்சளாகத் தெரிந்தால் மானிட்டர் மெனுவில் வண்ண வெப்பத்தை (கலர் டெம்பரேச்சர்) 6500இல் வையுங்கள். 'கூல்' என்ற அமைப்பில் விட்டால் திரை நீலம் பாய்ந்திருக்கும். அதை ஈடுகட்ட நீங்கள் படத்தில் மஞ்சள் ஏற்றுவீர்கள். அச்சில் மணமகள் மஞ்சள்காமாலையோடு வருவாள்.

விளையாடும்போது பிரைட்னஸைத் தாராளமாக ஏற்றிக்கொள்ளுங்கள். இரண்டு அமைப்புகளைச் சேமித்துவைத்து ஒரே பொத்தானில் மாற்றும் வசதி பல மானிட்டர்களில் உண்டு. வாங்கும்போது இதைக் கேளுங்கள். அலங்கார ஆர்.ஜி.பி. விளக்கு எத்தனை நிறத்தில் எரியும் என்று கேட்பதைவிட இது உபயோகம். சுவரில் ஊதா விளக்கு எரிய, அதன் கீழே உட்கார்ந்து தோல் நிறம் திருத்துகிற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 16

"நிறமானிக் கருவி இல்லாமல் டிசைனரா?" என்று ஒருவர் கேட்கிறார். திரையின் நிறத்தை அளந்து திருத்தும் கருவி அது. வேலைக்குப் போனபின் வாங்கட்டும். ஸ்பைடர், காலிப்ரைட் இரண்டுமே நல்லவை. நல்ல மாடலாகப் பார்த்தால் மானிட்டர் விலையில் பாதிக்கு மேல் ஆகும். முதலாண்டு மாணவனுக்கு அது அவசரமில்லை. வாங்கினாலும் தனியாக வாங்காமல் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள், மாதம் ஒரு முறைதான் தேவைப்படும்.

ஜூன் 22

கடைக்காரர் சொன்ன அந்த 1 மில்லி விநாடி. வாக்குக் கொடுத்தபடி வி.ஏ. பற்றியும்.

144 ஹெர்ட்ஸில் ஒரு பிரேம் திரையில் நிற்பது 6.9 மில்லி விநாடி, 60இல் 16.7. ஒரு புள்ளி நிறம் மாறி முடிக்க இதைவிட அதிக நேரம் எடுத்தால், ஓடுகிற உருவத்தின் பின்னால் ஒரு நிழல் இழுபடும். பெட்டியில் போடும் '1' பெரும்பாலும் ஓவர்டிரைவை (புள்ளியை வேகமாக நிறம் மாறத் தள்ளும் அமைப்பு) உச்சத்துக்குத் தள்ளி எடுத்தது. அந்த அமைப்பில் ஓட்டினால் நிழல் போய், அதற்குப் பதில் உருவத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு வரும். நடு அமைப்பில் வைத்தாலே கண்ணுக்கு நிம்மதி. 'எம்.பி.ஆர்.டி.' என்று அடைமொழி இருந்தால் அது வேறு கணக்கு: பின்விளக்கை விட்டுவிட்டு எரியவைத்துச் சாதிப்பது. வெளிச்சம் குறையும், பல மாடல்களில் அப்போது ஃப்ரீசிங்க்கும் (கார்டின் பிரேம் வேகத்துக்கு ஏற்பத் திரை மாறிக்கொள்ளும் வசதி) வேலை செய்யாது.

வி.ஏ.வின் பலம் கறுப்பு. ஐ.பி.எஸ்.ஸில் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 1000க்கு 1 என்ற அளவு, வி.ஏ.வில் 3000க்கு 1 சர்வசாதாரணம். இருட்டறையில் படம் பார்க்க அருமை. ஆனால் விலை குறைந்த வி.ஏ.வில் கறுப்பிலிருந்து கருஞ்சாம்பலுக்கு மாறுவதற்கு நேரம் பிடிக்கும். குகைக்குள் ஓடும்போது சுவரெல்லாம் மை கரைந்து ஒழுகுவதுபோல இருக்கும். டிசைன் பக்கம் பார்த்தால், பெரிய திரையில் நடுவிலிருக்கும் நிறமும் ஓரத்திலிருக்கும் அதே நிறமும் சற்று வேறாகத் தெரியும், ஏனென்றால் ஓரத்தை நீங்கள் சாய்வாகப் பார்க்கிறீர்கள். வளைவு அதைச் சரிக்கட்டத்தான், முழுதாகச் சரியாவதில்லை. நேர்கோடு நேராக இருக்கிறதா என்ற சந்தேகத்தை வேறு கூடுதலாகக் கொடுக்கும்.

பெட்டியில் ஜி-சிங்க் (ஃப்ரீசிங்க் போல என்விடியாவின் வசதி) என்று தனியாக எழுதியிருக்க வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. 2019 ஜனவரியிலேயே என்விடியா தன் கார்டுகளை ஃப்ரீசிங்க் மானிட்டர்களோடு ஒத்துப்போக வைத்துவிட்டது.

இதையும் சொல்லிவிடுகிறேன்: எல்டன் ரிங் விளையாட்டு கணினியில் விநாடிக்கு 60 பிரேமுக்கு மேல் போகாது. நான் இரவில் விளையாடுவது பெரும்பாலும் அதுதான். ஆகவே என் 165 ஹெர்ட்ஸின் பெரும்பகுதி மௌஸ் அம்பு வழுக்கி ஓடுவதற்கே செலவாகிறது.

ஜூலை 6

27 அங்குலத்தின்மேல் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டவருக்கு ஒரு ஸ்கேல் கணக்கு. 27 அங்குல அகலத்திரையின் உயரம் 336 மி.மீ. ஏ4 தாளின் உயரம் 297. உண்மையான அளவில் முழுத் தாளும் தெரிந்து, கருவிப்பட்டைக்கு மேலே கீழே 39 மி.மீ. மிஞ்சும். அகலத்தில் இரண்டு ஏ4 பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். '24 அங்குலம்' என்று விற்பவற்றில் பல 23.8தான், அதன் உயரம் 296. ஒரே ஒரு மி.மீ. குறைவு! பட்டைகள் தின்பதைச் சேர்த்தால் தாள் உள்ளே வராது.

முன்பு எழுதியதற்கு ஒரு மறுயோசனையும் உண்டு. நேற்று தினசரிக் காலண்டர் தாள்களுக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். ராகு காலம், எமகண்டம், நட்சத்திரம், சந்திராஷ்டமம் எல்லாம் 6 பாயின்ட்டில். உண்மையான அளவில் வைத்தால் 92 புள்ளித் திரையில் அந்த எழுத்துக்குக் கிடைப்பது ஏழெட்டுப் புள்ளி உயரம். அதில் ணகரத்துக்கு மூன்று சுழி, னகரத்துக்கு இரண்டு சுழி என்று எண்ணவே முடியாது. இரண்டும் ஒரே கறுப்புக் கொத்து. 27 அங்குல 1440இல் ஒன்பது புள்ளி, ஊகித்துவிடலாம். 4கே 27 அங்குலத்தில் பதின்மூன்றுக்கு மேல் வருகிறது, சுழி சுழியாகத் தெரிகிறது. பெரிதாக்கிப் பார்க்கலாமே என்பீர்கள். பெரிதாக்கினால் பக்கத்தின் அமைப்பு கண்ணிலிருந்து போய்விடும். திரும்பத் திரும்ப உள்ளே வெளியே போய்வந்தால் மாலைக்குள் தலை வலிக்கும்.

ஆகவே எழுத்துரு, புத்தகம், பத்திரிகைப் பக்கம் என்று போகிறவர்களுக்கு 60 ஹெர்ட்ஸ் 4கே ஐ.பி.எஸ். நல்ல வழிதான், 30,000க்குள்ளேயே கிடைக்கிறது. விளையாட்டை 1080இல் ஓட்டினால் கிடைமட்டத்தில் இரண்டு, செங்குத்தில் இரண்டு என்று புள்ளிகள் சரியாகப் பங்கிடும். வாலரண்ட் பைத்தியத்துக்கு மட்டும் இது ஆகாது.

ஜூலை 7

4கேயில் எல்லாம் பொடியாகத் தெரியுமே என்று கேட்டவருக்கு: ஆம், விண்டோஸில் எழுத்து அளவை 150 சதவீதம் வைக்க வேண்டும். பக்கம் அமைக்கும் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு அதன் எழுத்தும் பட்டன்களும் மங்கலாகத் தெரியலாம். இன்னும் அதிலேயே காலம் தள்ளுகிற அச்சகங்களை எனக்குத் தெரியும், எங்களுடையதைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4

நேற்று ஆடிப்பெருக்கு. அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் வெளியாகிவிட்டது. இனி டிசம்பர்வரை எங்களுக்குத் தூக்கமில்லை. பதில் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று நடந்தது இந்த விவாதத்துக்குப் பொருத்தம். ஒரு பட்டுக் கடைக்கான காலண்டர். படத்தில் ஒரு சேலை மயில்கழுத்து நிறம், இன்னொன்று எம்.எஸ். நீலம். வாடிக்கையாளர் மாதிரித் தாளை ஒரு கையிலும் தன் போனை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, "இதில் மின்னுகிறதே, அதில் ஏன் செத்துக்கிடக்கிறது?" என்றார். அவர் படத்தை ஒப்புதல் செய்தது வாட்ஸ்அப்பில். போன் ஓலெட் திரை (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை), 'விவிட்' அமைப்பு, முழு வெளிச்சம். சயானையும் மெஜந்தாவையும் ஒன்றன்மேல் ஒன்று முழுதாக அடித்தால் நீலம் வராது, ஊதா கலந்துதான் வரும். மயில்கழுத்தின் அந்தப் பச்சைநீல மினுக்கு அச்சின் நாலு மையின் (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) எல்லைக்கு வெளியே நிற்கிறது. எந்த மானிட்டர் வாங்கினாலும் இது மாறாது. போட்டோஷாப்பில் அச்சு முன்னோட்டத்தைப் போட்டு, மங்கிய நிறத்தை வாடிக்கையாளரிடம் முதலிலேயே காட்டிவிட வேண்டும். அதற்குத் தோதான மானிட்டர்தான் நல்ல மானிட்டர்.

இதிலிருந்து அகல வண்ணப் பரப்புள்ள மானிட்டருக்கு வருகிறேன். '95 சதவீதம் டி.சி.ஐ. பி3' (எஸ்.ஆர்.ஜி.பி.யைவிட அகலமான, சினிமாவுக்கான நிற எல்லை) என்று இப்போது கேமிங் திரைகளில் போடுகிறார்கள். விளையாட்டில் புல்வெளி பச்சைப்பசேல் என்று தெரியும். ஆனால் போட்டோஷாப் திரையின் பரப்புக்கு ஏற்ப நிறத்தைக் கணக்கிட்டுக் காட்டும். விண்டோஸ் டெஸ்க்டாப்பும் பெரும்பாலான விளையாட்டுகளும் காட்டாது. ஒரே படம் இரண்டு ஜன்னலில் இரண்டு சிவப்பு. இதற்கு மருந்து, மானிட்டர் மெனுவில் எஸ்.ஆர்.ஜி.பி. அமைப்பு. சில மாடல்களில் அதைத் தேர்ந்தெடுத்தால் பிரைட்னஸ் பூட்டிக்கொள்ளும், 120க்குக் குறைக்கவே விடாது. ஜூன் 15இல் எழுதியது அத்தனையும் அதோடு போச்சு. வாங்குமுன் விமர்சனங்களில் இந்த ஒன்றைத் தேடிப் படியுங்கள். ஏ.எம்.டி. கார்டு வைத்திருப்பவர்கள் கார்டின் மென்பொருளிலேயே நிறத்தை எஸ்.ஆர்.ஜி.பி.க்குள் அடக்கிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 17

ஓலெட் மானிட்டர் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பணம் இருந்தால், விளையாட்டுக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. 27 அங்குலம் அரை லட்சத்தைத் தொடுகிறது. டிசைனுக்கு எனக்குத் தயக்கம் உண்டு. போட்டோஷாப்பின் கருவிப்பட்டை நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும், தடம் பதியும் அபாயம் அதனால்தான். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலத் துணைப்புள்ளிகளின் அடுக்கு வழக்கமானது அல்ல என்பதால் எழுத்தின் ஓரத்தில் நிறக்கசிவு தெரியும். கியூ.டி.-ஓலெட் என்ற வகையாக இருந்தால் அறை விளக்கு பட்டவுடன் கறுப்பு ஊதாச் சாம்பலாக வெளுக்கும். எங்கள் அச்சகத்தில் எட்டு டியூப் லைட். இருட்டறையில் வாழ்கிற இளைஞர்களுக்கு இந்தக் கடைசிப் பிரச்சினை இல்லை.

ஆகஸ்ட் 18

எச்.டி.ஆர். 400 (எச்.டி.ஆர். என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வீச்சைக் கூட்டிக் காட்டும் முறை; 400 அதன் அடிமட்டச் சான்று): மறந்துவிடுங்கள். உச்ச வெளிச்சம் 400 நிட்ஸ் வந்தால் அந்தச் சான்று கிடைத்துவிடும், பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதி இருக்க வேண்டியதில்லை. டிசைன் செய்யும்போது விண்டோஸில் எச்.டி.ஆர். அணைந்திருக்கட்டும்.

செப்டம்பர் 14

கேள்வி கேட்டவர் 27 அங்குல ஐ.பி.எஸ். வாங்கிவிட்டார். "இருட்டில் கீழ்மூலை மஞ்சளாக ஒளிர்கிறது, திருப்பிக் கொடுக்கவா?" என்று தம்பி பதறுகிறானாம். தலையை நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே ஒளி நகர்ந்தால் அது ஐ.பி.எஸ்.ஸின் இயல்பு, எல்லாவற்றிலும் இருக்கும். எங்கிருந்து பார்த்தாலும் அதே இடத்தில் நின்றால் பின்விளக்குக் கசிவு; அதற்குச் சண்டை போடலாம். போனில் படம் எடுத்துப் பார்க்காதீர்கள், கேமரா இருட்டைப் பத்து மடங்கு ஊதிக் காட்டும்.

செத்த புள்ளி இருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று முழுத்திரை நிறம் போட்டு ஒரு சுற்று. கடை திருப்பி எடுக்கும் கெடுவுக்குள் சொன்னால்தான் வழி. அதற்குப் பிறகு உற்பத்தியாளரிடம் போனால், ஒரு புள்ளி போதாது, இன்னும் சில சாகட்டும் என்பார்கள். என் பழைய திரையில் நடுவில் ஒரு பச்சைப் புள்ளி. நிறுவனம் இதைத்தான் சொன்னது. ஆண்டுக்கணக்கில் அதை அம்மன் மூக்குத்தியாக நினைத்து வேலை பார்த்தேன்.

அக்டோபர் 5

கடைசியாக வந்த கேள்வி: இதே மானிட்டரில் பிளேஸ்டேஷன் 5 மாட்டலாமா?

மாட்டலாம். 2022 செப்டம்பர் புதுப்பிப்பிலிருந்து அது 1440ஐ ஆதரிக்கிறது. ஆனால் பிரேம் வேகத்துக்கு ஏற்பத் திரை மாறிக்கொள்ளும் வசதிக்கு அது எச்.டி.எம்.ஐ. 2.1இன் வி.ஆர்.ஆர். மட்டுமே ஏற்கும், ஃப்ரீசிங்க் போதாது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஃப்ரீசிங்க்கையும் ஏற்கும். கணினியை டிஸ்பிளேபோர்ட்டில் மாட்டுங்கள், எச்.டி.எம்.ஐ. துளையைக் கன்சோலுக்கு விடுங்கள். பழைய லேப்டாப்பின் எச்.டி.எம்.ஐ. 1.4இலிருந்து 1440இல் 144 ஹெர்ட்ஸ் வராது. கேபிளை எத்தனை முறை மாற்றினாலும் வராது.